ஏழு டிகிரிக்குக் கீழே

நவம்பர் பிறந்துவிட்டால் டொராண்டோவின் கிழக்கே, ஸ்கார்பரோவின் டயர் கடைகளில் இந்தக் கேள்வி தமிழிலேயே கேட்கும்: "அண்ணை, போட்டிருக்கிறது ஓல் சீசன்தானே, பிறகேன் மாத்த வேணும்?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. எல்லாப் பருவத்துக்கும் என்று சொல்லி விற்ற டயரை ஒரு பருவம் தொடங்கும்போதே கழற்றச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். கவுன்டரில் நிற்பவர் "அது ஸ்னோவுக்குச் சரிவராது தம்பி" என்பார். ஏன் சரிவராது என்று விளக்க அவருக்கு நேரமில்லை. வாசலில் அடுத்தடுத்து வண்டிகள் நிற்கின்றன.

அந்த 'ஏன்' என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம். பனி வாரும் லாரி தெருவுக்கு வந்து சேரும் முன்பே, விடியற்காலை ஐந்து மணிக்கு, கிடங்கு வேலைக்கோ முதியோர் இல்லப் பணிக்கோ வண்டியை எடுத்தாக வேண்டியவர்கள் அந்த ஊரில் ஏராளம். நான்கு டயருக்குக் கொடுக்கிற பணத்துக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காது என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அது கடைக்காரரின் வாக்கை நம்பி விடக்கூடிய விஷயம் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்கலாம். 1,600 கிலோ எடையுள்ள கார் ஒன்றில் ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய 400 கிலோவைச் சுமக்கிறது. உள்ளே 32 பி.எஸ்.ஐ. காற்று. சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு கிடைத்துவிடும்: சுமார் 178 சதுர சென்டிமீட்டர். விரல்களைச் சேர்த்து விரித்து வைத்த ஒரு கையின் அளவு. முழு வண்டியும், அதற்குள் இருக்கும் குடும்பமும், அப்படி நான்கு கைகளின் பிடியில்தான் ஓடுகிறது. அந்தப் பரப்பு 16 செ.மீ. அகலமும் 11 செ.மீ. நீளமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் டயரின் எந்த ஒரு புள்ளியும் சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியின் 250-இல் ஒரு பங்கு நேரம். அதற்குள் நீரை விலக்கி, அடியில் உள்ள கல்லைப் பற்றி, வண்டியைத் தள்ளிவிட்டு, விட்டு விலகவும் வேண்டும்.

இதில் பிடிப்பு எங்கிருந்து வருகிறது? பள்ளியில் படித்த உராய்வு விதி ரப்பருக்குப் பொருந்தாது. இரண்டு திடப்பொருள்கள் உரசும்போது உராய்வு எண் கிட்டத்தட்ட மாறாது என்று அந்த விதி சொல்கிறது. ரப்பரின் உராய்வு வேகத்துக்குத் தக்கபடி மாறும், வெப்பத்துக்குத் தக்கபடியும் மாறும். இதைத் தெளிவாக நிறுவியவர் கே. ஏ. கிராஷ். 1963-இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியான அவரது ஆய்வு, ரப்பரின் பிடிப்புக்கும் அதன் உள் இழப்புக்கும் உள்ள உறவைக் காட்டியது. ரப்பர் பாதி வில்லாகவும் பாதி பாகாகவும் நடந்துகொள்ளும் பொருள். சாலையில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கல்துணுக்கு ரப்பருக்குள் அமுங்கும்போது ரப்பர் அதைச் சூழ்ந்துகொள்கிறது. துணுக்கு நகர்ந்ததும் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை, சற்றுத் தாமதிக்கிறது. துணுக்கின் முன்பக்கம் ரப்பர் அழுத்துகிறது. பின்பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் வண்டியைப் பிடித்து நிறுத்தும் விசை. தாமதத்தில் இழந்த ஆற்றல் வெப்பமாகிறது. தாமதமே இல்லாத, துள்ளிக்கொண்டே இருக்கும் ரப்பரில் செய்த டயர் ஈரச்சாலையில் ஆபத்தானது.

இப்போது குளிரைக் கொண்டுவருவோம். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கின்றன. அதனால்தான் அது வளைகிறது. குளிரக் குளிர அந்த நெளிவு மந்தமாகி, ஒரு கட்டத்தில் அடங்கிப்போகும். ரப்பர் கண்ணாடியைப் போல விறைக்கும். அந்த வெப்பநிலைக்குக் கண்ணாடி நிலை மாற்றம் என்று பெயர். இயற்கை ரப்பருக்கு அது ஏறக்குறைய −70 டிகிரி செல்சியஸ். கன்னியாகுமரித் தோட்டங்களில் வடிக்கும் பால் பனியையே கண்டதில்லை, ஆனாலும் துருவக் குளிரிலும் அதன் ரப்பர் இளகியே இருக்கும். டயரில் அதிகம் சேரும் செயற்கை ரப்பரான ஸ்டைரீன்-பியூட்டடீனுக்கு அந்த எல்லை இன்னும் மேலே. ஸ்டைரீனின் அளவைக் கூட்டினால் எல்லையும் ஏறும்.

குளிரில் ரப்பர் துடிப்பை இழக்கும் என்பதை உலகமே ஒருமுறை கண்ணால் பார்த்தது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறிய பிறகு, விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், ராக்கெட்டின் ரப்பர் வளையத்திலிருந்து எடுத்த ஒரு துண்டைக் கிடுக்கியில் இறுக்கி, பனிக்கட்டி போட்ட தண்ணீரில் முக்கி எடுத்தார். கிடுக்கியைத் தளர்த்திய பிறகும் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு மீளவில்லை. அங்கே வெப்பநிலை பூஜ்யம்தான்; −70 எல்லாம் தேவைப்படவில்லை.

ஏன் தேவைப்படவில்லை? ஏனென்றால் ரப்பருக்கு வேகமும் குளிரும் ஒன்றுதான். ஒரு ரப்பரை மெதுவாக வளைத்தால் இளகி வளையும். அதையே விநாடிக்குப் பத்து லட்சம் முறை அதிர வைத்தால் சங்கிலிகளுக்கு நெளிய நேரம் கிடைக்காது. குளிரில் இருப்பதைப் போலவே விறைப்பாக நடந்துகொள்ளும். பிரேக் போடும்போது சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்கள் டயரின் தோலை விநாடிக்கு ஆயிரக்கணக்கிலிருந்து பத்து லட்சம் வரை அதிர வைக்கின்றன. அந்த அதிர்வுக்கு ரப்பரின் கண்ணாடி எல்லை, நிதானமாக அளந்த எல்லையைவிடப் பல பத்து டிகிரி மேலே நகர்ந்துவிடுகிறது. கையால் அழுத்திப் பார்த்தால் மெத்தென்றிருக்கும் டயர், பிரேக்கை மிதிக்கிற அந்தக் கணத்தில் மட்டும் கல்லாகிவிடக்கூடும்.

டயர் கடைகளில் சொல்லும் 7 டிகிரி இங்கிருந்துதான் வருகிறது. அன்றாட வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் குளிர்கால டயருக்கு மாறுங்கள் என்கிறார்கள். 7 என்பது இயற்கையின் எல்லைக்கோடு இல்லை. 8 டிகிரியில் நன்றாக இருந்த டயர் 6-இல் திடீரென்று கைவிடாது. கோடைக்கான கலவைகள் பிடிப்பை இழக்கத் தொடங்குகிற, குளிர்காலக் கலவைகள் முந்தத் தொடங்குகிற சுற்றுவட்டாரம் அது. ஆனால் அதற்குள் ஒரு பெரிய உண்மை இருக்கிறது: சாலையில் ஒரு துளிப் பனிகூட விழாத, உலர்ந்த −10 டிகிரி காலையிலும் தவறான ரப்பர் வழுக்கும். பனி பெய்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

அப்படியானால் கண்ணாடி எல்லை மிகக் கீழே இருக்கும் ரப்பரையே எல்லா டயருக்கும் போட்டுவிட வேண்டியதுதானே? முடியாது. ஈரச்சாலைப் பிடிப்புக்கு அந்தத் தாமதம், அந்த இழப்பு, வேண்டும். எல்லையை மிகவும் இறக்கினால் ஜூலை மாத மழையில் ரப்பர் இழப்பே இல்லாமல் துள்ளும். இன்னொரு பக்கம், 100 கி.மீ. வேகத்தில் உருளும் டயர் விநாடிக்குச் சுமார் பதினான்கு முறை நசுங்கி நிமிர்கிறது. அந்த மெதுவான நசுங்கலில் இழப்பு அதிகமானால் பெட்ரோல் வீண். ஆய்வகத்தில் ரப்பர் மாதிரியை 0 டிகிரியில் அதிர வைத்து அளக்கும் இழப்பைக் கொண்டு ஈரப்பிடிப்பையும், 60 டிகிரியில் அளக்கும் இழப்பைக் கொண்டு எரிபொருள் செலவையும் வேதியியலாளர்கள் முன்கூட்டியே கணிக்கிறார்கள். முதலாவது அதிகமாக இருக்க வேண்டும், இரண்டாவது குறைவாக இருக்க வேண்டும், −20-இலும் ரப்பர் இளகியிருக்க வேண்டும். ஒரே கலவையிடம் இந்த மூன்றையும் கேட்கிறோம்.

பல பத்தாண்டுகளுக்கு இது தீராத இழுபறியாகவே இருந்தது. அதைத் தளர்த்தியது மணலின் வேதியியல் உறவான சிலிக்கா. டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணம், ரப்பருக்கு வலு சேர்க்கக் கலக்கும் கார்பன் கரி. அதன் பெரும்பகுதியை எடுத்துவிட்டுச் சிலிக்காவைப் போட்டால் இழப்பு வேண்டிய இடத்தில் கூடி, வேண்டாத இடத்தில் குறைகிறது. ஆனால் சிலிக்கா நீரை நேசிக்கும் பொருள். ரப்பர் எண்ணெய் இனம். இரண்டும் ஒட்டாது. ஒரு முனை சிலிக்காவையும் மறுமுனை ரப்பரையும் பற்றிக்கொள்ளும் சைலேன் என்ற இணைப்பு மூலக்கூறைக் கொண்டு இரண்டையும் பிணைத்து, 1990-களின் தொடக்கத்தில் மிஷெலின் நிறுவனம் கார் டயர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் வாங்கும் நல்ல மழை டயரும் நல்ல பனி டயரும் அந்த வேதியியலின் பிள்ளைகள். டயர் வரலாற்றில் ரப்பரைப் பதப்படுத்தும் முறையைச் சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கண்டதற்கு அடுத்தபடி இதைத்தான் நான் வைப்பேன்.

மழை

ரப்பர் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் சாலையைத் தொட்டால்தான் பயன். மழை அதைத் தொடவிடாமல் தடுக்கிறது, அதுவும் இரண்டு வழிகளில்.

முதல் வழி முரட்டுத்தனமானது. சாலையில் 2 மி.மீ. நீர் நிற்கிறது. நம் 16 செ.மீ. அகல டயர் 100 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 9 லிட்டர் நீரை வழியிலிருந்து அகற்றியாக வேண்டும், ஒரு சக்கரம் மட்டும். டயரின் நீளவாட்டுப் பள்ளங்கள் அதற்குத்தான். அகற்ற முடியாவிட்டால் நீர் முன்னால் ஆப்பாகத் திரண்டு டயரைத் தூக்கிவிடும். ஸ்டியரிங் திடீரென்று இலேசாகும். திருப்பினால் வண்டி திரும்பாது. விமானங்கள் ஈர ஓடுபாதையில் வழுக்கியதை ஆராய்ந்த நாசாவின் வால்டர் ஹோர்னும் ராபர்ட் டிரெஹரும் 1963-இல் இதற்கு ஓர் எளிய சூத்திரம் தந்தார்கள்: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மைலில் கிடைக்கும். 32 பி.எஸ்.ஐ.க்கு அது மணிக்குச் சுமார் 94 கி.மீ. காற்று 24 ஆகக் குறைந்திருந்தால் 82. சூத்திரம் பள்ளங்கள் நிரம்பி வழியும் ஆழமான நீருக்கானது. நல்ல பள்ளம் உள்ள டயர் ஆழமில்லாத நீரில் இதைவிட வேகமாகவும் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் கற்க வேண்டியது அதில் இருக்கிறது. எடையைப் பற்றிச் சூத்திரம் ஒன்றும் பேசவில்லை. பெரிய வண்டி, கனமான வண்டி, ஆகவே மிதக்காது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. காற்றைச் சரிபார்க்காத அலட்சியம் 12 கி.மீ. வேகத்தின் பாதுகாப்பைத் தின்றுவிடக்கூடும்.

இரண்டாவது வழி நுட்பமானது. மெதுவாகப் போகும்போதும், நீர் ஆழமில்லாதபோதும், ஈரச்சாலையில் பிடிப்பு குறைகிறதே, ஏன்? ஜெர்மனியில் ஆய்வு செய்த போ பெர்சனும் கூட்டாளிகளும் 2004-இல் 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் ஒரு விளக்கம் தந்தார்கள். சாலையின் நுண்ணிய குழிகளில் நீர் தங்கியிருக்கிறது. டயர் மேலே வந்து மூடியதும் நீர் தப்ப வழியில்லாமல் சிறைப்படுகிறது. சாலை ரப்பருக்கு வழவழப்பானதாகத் தெரிகிறது. குழிக்குள் புகுந்து பற்ற அதனால் முடிவதில்லை. இங்கே பள்ளத்தின் ஆழம் உதவாது, ரப்பரின் கலவைதான் உதவும். டயர் விமர்சனங்களில் மழைச்சாலை பிரேக் தூரமும் மிதக்கும் வேகமும் தனித்தனியாகக் கொடுக்கப்படுவது இதனால்தான். ஒன்றில் சிறந்த டயர் மற்றதில் சுமாராக இருக்கலாம். எதைப் பார்ப்பது என்று கேட்டால், நகரத்துக்குள் ஓட்டுபவருக்குப் பிரேக் தூரத்தைச் சொல்வேன். நெடுஞ்சாலை 401-இல் தினமும் போய் வருபவர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

பனி

மழைக்குச் செய்ததையெல்லாம் பனி தலைகீழாகக் கேட்கிறது. மழையில் நீரை வெளியேற்ற வேண்டும். பனியைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். புதுப்பனியை அள்ளி அழுத்தினால் உருண்டையாகத் திரளும். பனித்துகள்கள் அழுத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டும். டயரின் பள்ளத்துக்குள் அழுந்திய பனி, கீழே தெருவில் கிடக்கும் பனியோடு இப்படியே ஒட்டி, வெட்டுப்படும்போது எதிர்ப்புக் காட்டுகிறது. ரப்பர் பனியைப் பற்றுவதைவிடப் பனி பனியைப் பற்றுவது உறுதி. சக்கரத்தில் வெள்ளையாகப் பனி அப்பியிருப்பதைப் பார்த்து டயர் அடைத்துக்கொண்டது என்று பயப்பட வேண்டியதில்லை. அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

இதற்கு உதவுவன, பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர் பட்டன்களின் மேல் கத்தியால் கோடு போட்டது போல ஓடும் மெல்லிய கீறல்கள். ஒரு குளிர்கால டயரின் முன் குனிந்து நகத்தால் வருடிப் பாருங்கள்: ஒவ்வொரு பட்டனிலும் நெளிநெளியாகப் பல கீறல்கள், ஒவ்வொன்றின் விளிம்பும் தனித்தனியாகக் கூர்மையாக நிற்கும். டயர் தரையில் அழுந்தும்போது கீறல்கள் சற்றே திறந்து, நூற்றுக்கணக்கான விளிம்புகள் பனிக்குள் கடிக்கின்றன. ஜான் சைப் என்ற அமெரிக்கர் இறைச்சிக்கூடத்தின் ஈரத்தரையில் வழுக்காமலிருக்கத் தன் காலணியின் அடியில் கீறல் போட்டுக்கொண்டார், 1923-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார் என்பது டயர் தொழிலில் வழங்கும் கதை. இதற்கும் ஒரு விலை உண்டு. கீறல் அதிகமானால் பட்டன் தளர்ந்து ஆடும். உலர்ந்த சாலையில் வளைவு எடுக்கும்போது வண்டி குழைவது போலத் தோன்றும். அண்மைக் காலத்தில் கீறலின் உட்சுவரையே மேடும் பள்ளமுமாகச் செய்கிறார்கள். பிரேக் போடும்போது இரு சுவர்களும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பட்டனை விறைப்பாக வைத்திருக்கும்.

பனிக்கட்டி இன்னொரு உலகம். அங்கே பற்றிக்கொள்ளப் பனித்துகள் இல்லை. பனிக்கட்டியின் மேல்தோலில் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. உராய்வின் வெப்பம் அதைத் தடிமனாக்குகிறது. ஆகவே −20 டிகிரியில் இருக்கும் பனிக்கட்டியைவிட 0 டிகிரியை ஒட்டிய பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும். டொராண்டோவின் குளிர்காலம் பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாக அடிக்கடி ஊசலாடுவது. பகலில் உருகியது இரவில் உறைந்து, விடியலில் கறுப்பாக, கண்ணுக்கே தெரியாமல் தெருவில் படிந்திருக்கும். கடுங்குளிர் ஊர்களைவிட இந்த ஊரில் வழுக்கல் குறைவு என்று எண்ணுவது தவறு.

எண்களில் பார்க்கலாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்டால், உராய்வு எண் 0.8 உள்ள உலர்ந்த தாரில் ஏறக்குறைய 12 மீட்டரில் வண்டி நிற்கும். ஈரத்தில் எண் 0.5 என்றால் 20 மீட்டர். இறுகிய பனியில் 0.2 என்றால் 49 மீட்டர். பனிக்கட்டியில் 0.1 என்றால் 98. இப்போது டயர் தேர்வின் பொருள் புரியும். பனியில் 0.2-ஐ 0.25 ஆக்கும் டயர் கிடைத்தால் 49 மீட்டர் 39 ஆகிறது. அந்தப் பத்து மீட்டருக்குள் ஒரு குழந்தை தெருவைக் கடந்துகொண்டிருக்கலாம். நான்கு சக்கரத்திலும் விசை செலுத்தும் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை இரண்டு முறை படிக்க வேண்டும். அந்த வசதி வண்டியைக் கிளப்ப உதவும், மேட்டில் ஏற்ற உதவும். நிறுத்துவதில் அதற்குப் பங்கில்லை. எல்லாக் கார்களும் நான்கு சக்கரத்தாலும்தான் பிரேக் பிடிக்கின்றன.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது

குட்இயர் நிறுவனம் 1977-இல் டியம்போ என்ற ஓல் சீசன் டயரை அமெரிக்காவில் அறிமுகம் செய்தது. அதற்கு முன் அமெரிக்கர்கள் பலர் குளிர்காலத்துக்குப் பின்சக்கரங்களில் தனி டயர் போட்டு, வசந்தத்தில் கழற்றினார்கள். அந்த வேலையை மிச்சப்படுத்தியதால் ஓல் சீசன் டயர் வட அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டது. புதுக்கார்கள் அதிலேயே வந்தன. பனிக்காலம் ஆறு மாதம் நீளும் பின்லாந்தில் கதை வேறு. நோக்கியா ஊரின் ரப்பர் ஆலை 1934-இல் லாரிகளுக்கும் 1936-இல் கார்களுக்கும் தனிப் பனி டயரே செய்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி செய்த நோக்கியா நிறுவனத்தோடு பின்னால் இணைந்த அதே ஆலை.

வட அமெரிக்க ஓல் சீசன் டயரில் எம்+எஸ் என்ற குறி இருக்கும். சேறு, பனி இரண்டையும் குறிக்கும் முதலெழுத்துகள். இந்தக் குறியை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதற்கான இலக்கணம் வடிவத்தைப் பற்றியது மட்டுமே: தரையைத் தொடும் பரப்பில் குறைந்தது 25 சதவீதம் பள்ளமாக இருக்க வேண்டும், விளிம்பிலிருந்து உள்நோக்கி இன்ன அகலத்தில் இன்ன கோணத்தில் வெட்டுகள் இருக்க வேண்டும். அளவுகோலை வைத்து அளந்து குறியைக் கொடுத்துவிடலாம். டயரைப் பனியில் ஓட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. ரப்பரின் கலவை பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதுவரை படித்ததை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பது விளங்கும்.

அந்த ஓட்டையை அடைக்க 1999-இல் இன்னொரு சின்னம் வந்தது: மூன்று சிகரங்கள் கொண்ட மலை, அதற்குள் ஓர் ஆறுமுனைப் பனித்துகள். இதைப் பெற டயர் உண்மையிலேயே இறுகிய பனியில் ஓட வேண்டும். ஒரு தர ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது பத்து சதவீதம் கூடுதல் இழுவை காட்ட வேண்டும். இதற்கும் எல்லை உண்டு. அமெரிக்கச் சோதனை வண்டியை முன்னோக்கி இழுக்கும் விசையை அளக்கிறது. பனிக்கட்டியில் பிரேக் பிடிப்பதை அது சோதிப்பதில்லை. சின்னம் இருக்கும் இரண்டு டயர்களுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கலாம். ஆனால் சின்னம் இல்லாத டயரைப் பனிக்கு நம்புவதற்கு எந்தச் சோதனை ஆதாரமும் இல்லை.

கியூபெக் மாநிலம் இதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டது. 2008-இல் அங்கே குளிர்கால டயர் கட்டாயமானது. 2014 டிசம்பரிலிருந்து மலைச்சின்னம் இருந்தால்தான் செல்லும். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காலம். ஜெர்மனியும் பழைய எம்+எஸ் டயர்களுக்குக் கொடுத்திருந்த சலுகையை 2024 செப்டம்பரோடு முடித்துக்கொண்டது. ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை; குளிர்கால டயர் போட்டால் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. அந்தத் தள்ளுபடியைக் கேட்டு வாங்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேளுங்கள்.

ஓல் சீசன் என்ற பெயருக்கும் முழுக் குளிர்கால டயருக்கும் நடுவே இப்போது ஓல் வெதர் என்ற மூன்றாவது வகை நிற்கிறது. ஆண்டு முழுவதும் ஓட்டலாம், மலைச்சின்னமும் உண்டு. அந்தப் பின்லாந்து ஆலையின் வழிவந்த நோக்கியன் நிறுவனம் இதில் முன்னோடி. 2015-இல் ஐரோப்பாவில் வந்த மிஷெலினின் கிராஸ்கிளைமேட் இந்த வகையைப் பரவலாக்கியது. இந்த டயர்களில் பலவற்றைப் பார்த்தால் நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் வளைந்து இறங்கும் சாய்ந்த பள்ளங்கள் தெரியும். மழைநீரைப் பக்கவாட்டில் தள்ளுவதும், அதே பள்ளத்தில் பனியைத் திரட்டிப் பிடிப்பதும் ஒரே வடிவத்தின் வேலை. பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் கடையில் பெயரைக் கேட்டு வாங்காதீர்கள். குனிந்து சின்னத்தைப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்தவரையில் தேர்வை முடிவு செய்ய வேண்டியது, நீங்கள் வண்டியை எடுக்காமல் இருக்க முடியாத மிக மோசமான நேரம். டொராண்டோவில் வீட்டிலிருந்தே வேலை செய்பவர், பனி பெய்தால் மதியம்வரை காத்திருக்கக்கூடியவர், நல்ல ஓல் வெதர் டயர் ஒரு செட்டோடு நிம்மதியாக இருக்கலாம். இரண்டு செட்டுக்கு இடம் இல்லாத அடுக்குமாடி வாசிக்கும் அதுவே என் பரிந்துரை. விடியற்காலை வேலைக்குப் போகிறவர், பேரி, ஆட்டவா, மொன்றியால் பக்கம் இருப்பவர், குளிர்காலத்துக்குத் தனி டயரையே வாங்க வேண்டும். செலவு இரட்டிப்பாகாது, ஒரு செட் ஓடும்போது மற்றது தேயாமல் கிடக்கிறது. தனி ரிம்மோடு வாங்கினால் ஆண்டுக்கு இரண்டு முறை டயரை ரிம்மிலிருந்து பெயர்க்கிற கூலியும் சேதமும் இல்லை. வான்கூவரின் மழைக்கு முதலில் ஈரப்பிடிப்பைப் பார்க்க வேண்டும். ஆனால் அங்கிருந்து மலைச்சாலை ஏறினால் அக்டோபர் 1 முதல் பனிக்கான டயர் சட்டப்படி தேவை. சின்னமில்லாத ஓல் சீசன், பனியே அரிதான அமெரிக்கத் தென்பகுதிக்குப் பொருத்தமான நல்ல டயர். அதன் மேல் எனக்குக் குறையில்லை, அதைத் தவறான ஊரில் விற்பதில்தான் குறை.

அளவைப் பொறுத்தவரை, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளதையே எடுங்கள். 205/55 ஆர் 16 91 எச் என்று இருந்தால் அகலம் 205 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. இந்த எண்ணைக் குறைத்து வாங்கவே கூடாது. டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த தேதி. 3523 என்றால் 2023-இன் 35-ஆவது வாரம். மலிவாகக் கிடைக்கும் பழைய டயரை வாங்குகிறவர்கள் பள்ளத்தை மட்டும் பார்த்து இதை விட்டுவிடுகிறார்கள். தேயாத டயரும் ஆண்டுகள் போகப்போக இறுகும். இறுகிய ரப்பருக்குக் குளிரில் என்ன நேரும் என்று பார்த்தோம்.

புதுக்கார் டயரின் பள்ளம் சுமார் 8 மி.மீ. ஆழம். 1.6 மி.மீ.யில் பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு பட்டனோடு சமமாகிவிடும். அப்போது டயர் முடிந்தது. ஆனால் பனிக்கு அது மிகவும் தாமதமான எல்லை. 4 மி.மீ.யை நெருங்கிவிட்ட டயரைப் பனிச்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்கிறது கனடா அரசின் போக்குவரத்துத் துறை. பல டயர்களில் கீறல்கள் பள்ளத்தின் அடிவரை போவதில்லை. பாதி தேய்ந்ததும் பனியைக் கடிக்கும் விளிம்புகள் மறைந்துபோகும். கடையில் ஒரு சின்ன ஆழமானி சில டாலருக்குக் கிடைக்கும்.

காற்று குளிரில் சுருங்கும். 20 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. வைத்த டயர், ஓர் ஓட்டைகூட இல்லாமலேயே −15 டிகிரி காலையில் 26-ஐ ஒட்டி நிற்கும். முதல் குளிர் நாளில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிவது பெரும்பாலும் இதனால்தான். விளக்கை அலட்சியப்படுத்தாமல், வண்டி ஓடிச் சூடாகும் முன் காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். முன்சக்கர விசை வண்டிக்கு முன்னால் இரண்டு மட்டும் போதும் என்று சொல்லி விற்கும் கடைகள் உண்டு. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. பிரேக் போட்டதும் பின்புறம் வீசிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். பழக்கப்பட்ட ஓட்டுநராலும் மீட்பது கடினம். இரண்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், வேறு வகை கலக்காமல் அதே வகையில் வாங்கி, புதியவற்றைப் பின்னால் போடச் சொல்ல வேண்டும்.

மாற்றி முடித்து வெளியே வரும்போது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள் என்று கடையில் சொல்வார்கள். ரிம்முக்கும் அச்சுத்தட்டுக்கும் இடையே இருக்கும் துருவும் பெயின்டும் ஓட்டத்தில் நசுங்கி, நட்டின் இறுக்கம் தளரும். திரும்பப் போனால் பல கடைகளில் ஐந்து நிமிடத்தில் பணம் வாங்காமலே செய்துகொடுப்பார்கள்.